ஆக்சில் மாற்றிய வரலாறு

அன்பும் அதைவிட அதிகமாக அதிகாரமும் நிறைந்த அக்காவுக்கு,

இதனால் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டில் பல ஆண்டுகளாகச் செடி சுமந்து, மண் மூட்டை சுமந்து, அம்மாவின் வசவையும் சேர்த்துச் சுமந்த டிரெய்லரின் ஆக்சில் தன் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. உடல் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. மலர்வளையம் வைக்க வழியில்லை. இருந்த பூச்செடிகள் எல்லாம் ஆர்டருக்குப் போய்விட்டன. காலியான இடத்தில் புது ஆக்சில் ஒன்று பொறுப்பேற்றுக்கொண்டது. பதவியேற்பை முன்னின்று நடத்தி வைத்தவன், அடக்கமே உருவான உன் தம்பி.

இவ்வளவு முறையாக அறிவிக்கக் காரணம் உன் போன கடிதம்தான். "டிரெய்லர் இல்லாம அம்மா எப்படிச் சமாளிப்பாங்க? யாரும் அதைத் தொடாதீங்க. நான் காற்றாலைப் பயிற்சியை விட்டுட்டு வந்துடறேன்" என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று அம்மா நர்சரியில் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய வரிசைக்கே மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா ஒருவருடைய சட்டைக்கு முதுகுப் பக்கம் பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டார். "காத்தாடி கோபுரம் ஏறப் போன பொண்ணு, இந்த ஓட்டை வண்டிக்காக இறங்கி வரணுமா" என்று அம்மா சொன்னது எனக்குச் சொன்னது போலவும் இருந்தது, குழாய்க்குச் சொன்னது போலவும் இருந்தது.

ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. நீ வரக்கூடாது. பெட்டியைக் கட்டியிருந்தால் அவிழ். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் உன் விடுதியில் பேசக் கொடுக்கும் கொஞ்ச நேரத்தையும் அம்மா 'சாப்பிட்டியா'வுக்கும் 'என்ன சாப்பிட்டே'வுக்குமே செலவழித்துவிடுகிறாள். மிச்சத்தில் நான் என் சாதனையை எங்கே சொல்ல?

முதலில் விபத்தின் விவரம். அம்மாவிடம் கேட்டால் வாய்க்கால்தான் குறுக்கே வந்தது என்பாள். நான் பார்த்த வரையில் வாய்க்கால் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. நர்சரி கேட்டைத் தாண்டித் திரும்பும்போது அம்மா ஓட்டிய கார் ஒழுங்காகத் திரும்பியது. பின்னால் வந்த டிரெய்லர் மட்டும் குறுக்கு வழியில் போய், ஒரு சக்கரத்தை வாய்க்காலில் இறக்கிவிட்டது. மேலே முழுக்க மண் நிரப்பிய தொட்டிகள். தூக்கி வெளியே விட்டுப் பார்த்தால், அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது, யாரோ காதில் ரகசியம் சொல்ல அழைத்தது போல. சக்கரத்தில் கோளாறு இல்லை. இரண்டு சக்கரத்தையும் தாங்குகிற ஆக்சிலே ஓரத்தில் வளைந்துவிட்டது.

அதை அடித்து நிமிர்த்தித் தரச் சொல்லிப் பட்டறைக்காரரிடம் போனேன். உனக்குத் தெரியுமே, எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிற மனிதர். இந்த முறை யோசித்த பிறகும் முடியாது என்றார். "ஒரு தடவை வளைஞ்ச இடம் மறுபடியும் அங்கேயேதான் வளையும் தம்பி. ரோட்டுல போறப்ப முறிஞ்சா பின்னாடி வர்றவன் கதி என்ன? புதுசு போட்டுடு" என்றார். அச்சுக்குத்தான் சேதம், எனக்கு அச்சம் இல்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குத் தமிழ் ரசனை போதாது.

புது மருத்துவமனை முற்றத்துக்கு அம்மா ஒப்புக்கொண்ட செடிகள் சனிக்கிழமை போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த ஆர்டர் வேறு நர்சரிக்குப் போய்விடும். நீயும் ஏதாவது பஸ்ஸில் ஏறிவிடுவாய். ஆகவே களத்தில் இறங்கினேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினேன். ஜாக்கி போட்டுச் சட்டத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, அதன் மேல் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் நுழையக்கூடாது என்று நீ கத்திய கத்தல் இன்னும் என் காதிலேயே குடியிருக்கிறது, வாடகை கூடத் தராமல். சக்கரங்களைக் கழற்றினேன். அடுத்தது ஆக்சிலைப் பட்டை ஸ்பிரிங்கோடு கட்டிப்பிடித்திருக்கும் யு-போல்ட்டுகள். துரு ஏறி நட்டு ஒன்றும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, ஸ்பேனரில் குழாயைச் செருகித் தம் கட்டித் திருப்பினேன், கழன்றது. "உனக்குத்தான் ஏற்கெனவே கழன்றிருக்கே" என்று நீ அங்கிருந்தே சொல்வது கேட்கிறது. அந்த ஜோக்கை நானே சொல்லிவிட்டதால் இனி நீ சொல்ல முடியாது.

புது ஆக்சிலுக்கு அளவு எடுத்தேன். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, ஸ்பிரிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே எவ்வளவு, ஆக்சில் குழாய் எத்தனை கனம் என்று எல்லாம் குறித்தேன். அப்பா தையல் டேப்போடு பக்கத்தில் நின்றார், ஒரு துணைக்கு. "உடம்புக்கு ரொம்பப் பிடிப்பாவும் வேண்டாம், தொளதொளன்னும் வேண்டாம்" என்று பட்டறைக்காரரிடம் சொல்லியனுப்பினார். அப்பா டிரெய்லருக்குக் கால்சட்டை தைக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

ஆக்சில் வந்தது. ஒரே தடவையில் பொருத்தினேன். பேரிங்கில் கிரீஸ் அடைத்தேன். யு-போல்ட்டுகளை ஒரு பக்கமாக முறுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினேன். அம்மா தேவைப்படும்போது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை எல்லாத் தொட்டிகளையும் ஏற்றினோம். அம்மா வண்டியை எடுத்த விதத்தைப் பார்த்தால், பின்னால் தொட்டி இல்லை, தூங்குகிற குழந்தை இருக்கிறது என்று நினைத்திருப்பாய். வாய்க்கால் திருப்பத்தில் கார் நடந்துதான் போனது. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். மருத்துவமனை வாசலில் நிறுத்தியதும் நான் குதித்து இறங்கி, சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தேன். பேரிங்கை இறுக்கிவிட்டிருந்தால் அது கொதித்திருக்கும். இரண்டு பக்கமும் கை வைக்கிற மாதிரியே இருந்தது. மருத்துவமனைத் தோட்டக்காரர், "என்ன தம்பி, சக்கரத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். இல்லை, டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது என்றேன். ஒரு தொட்டி கூட உடையவில்லை. ஒரே ஒரு கிளை ஒடிந்தது. அது இறக்கும்போது நான் மிதித்தது, ஆக்சிலுக்குச் சம்பந்தமில்லை.

ஆக, இங்கே உன் இடத்தில் ஒரு முழு மெக்கானிக் உருவாகிவிட்டான். நீ நிம்மதியாகக் கோபுரம் ஏறலாம். உன் தம்பி இருக்கும்வரை இந்த வீட்டு வண்டிக்கு ஒரு குறையும் வராது.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "முடிச்சிட்டியா வாலு? ஒட்டாதே. முழுசாப் படிச்சிட்டு அடியில நானும் நாலு வரி எழுதணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறாள். அவள் கை கழுவி வருவதற்குள் சில திருத்தங்கள்.

மேலே 'ஒரே தடவையில் பொருத்தினேன்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அது அவ்வளவு சரியில்லை.

புது ஆக்சில் வந்தபோது பார்த்தேன், நடுவில் லேசாக வளைந்திருந்தது. கண்ணை ஒரு கோடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பட்டறைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார், வளைந்ததைக் கொடுத்துவிட்டு வளைந்ததையே வாங்கி வந்திருக்கிறோம் என்று முடிவு கட்டினேன். இரண்டு செங்கல் மேல் வைத்து, நடுவில் ஏறிக் குதித்தேன். அது நிமிரவில்லை. எனக்குத்தான் கணுக்கால் பிசகியது. சரி, இதையும் உபயோகமாக்குவோம் என்று வளைவைக் கீழ்ப்பக்கமாக வைத்துப் பொருத்தினேன். தொட்டில் மாதிரி பாரம் நடுவில் பத்திரமாக உட்காரும் என்பது என் ஆராய்ச்சி. அப்போது அம்மாவிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

சக்கரம் மாட்டி இறக்கியதும் அப்பா தள்ளிப் போய் நின்று பார்த்தார். புதுச் சட்டை போட்டவரைச் சுற்றி வந்து பார்ப்பாரே, அதே மாதிரி தலையைச் சாய்த்து. "ஏம்மா, இது காலை அகட்டிக்கிட்டு நிக்குதே" என்று அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு சக்கரமும் மேலே உள்வாங்கி, கீழே விரிந்து நின்றன. முன்பு ஒரு சக்கரம்தான் ரகசியம் கேட்டது. என் கைபட்டதில் இரண்டும் கேட்டன. பாரம் ஏற்றினால் இன்னும் விரியும் என்று அப்பா சொன்னார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வாங்கப் போனப்பவே பட்டறைக்காரர் சொன்னாரேடா. நடுவுல முதுகு லேசாத் தூக்கியிருக்கும், அது மேல இருக்கணும், பாரம் ஏறினா அமுங்கி நேராயிடும், அதுக்காகவே அப்படி வளைக்கிறோம்னு. நீ பக்கத்துலதானே நின்னே?"

நின்றேன். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய கடைப் பலகையில் 'முடியாது' என்று சாக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏறிக் குதித்த விஷயத்தைக் கேட்டதும் அப்பா ஆக்சிலைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டி, சேதமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் திரும்பப் பொருத்த விட்டார். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தியது அம்மா. சாக்கை விரித்து அடியில் படுத்து, ஒவ்வொரு யு-போல்ட்டாக முறுக்கினாள். மூலைக்கு மூலை மாற்றி முறுக்கியதும் அவள்தான். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நான். துருப்பிடித்த பழைய நட்டுகளைக் கழற்றியதும் அவள்தான். நான் குழாயில் தொங்கினேன், அது கணக்கில் வருமா தெரியவில்லை. அளவு எடுத்தது அப்பா. என் அளவுப்படி செய்திருந்தால் சக்கரங்கள் டிரெய்லருக்கு உள்ளேயே ஓடியிருக்கும். அப்புறம் அவர் காரோடு மாட்டுகிற கொக்கி முனையிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் டேப் பிடித்து, சட்டைக்குப் பார்ப்பது போல இரண்டு கையும் ஒரே நீளமா என்று பார்த்தார். ஒன்று கொஞ்சம் கூடுதல். மறுபடியும் தளர்த்தி, தள்ளி, முறுக்கினார்கள். அன்று அவர்கள் இருவரும் அடியில் படுத்துக்கொண்டு, "என்னங்க, இன்னும் ஒரு நூல்", "இப்பப் பாரும்மா" என்று பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தால் நீயே சிரித்திருப்பாய். இரண்டு பேர் முகத்திலும் மீசை மாதிரி கிரீஸ்.

கிரீஸ் அடைத்தது மட்டும் நிஜமாகவே நான். பாதி என் தலையில் இருக்கிறது, சாட்சிக்கு.

அதனால் அக்கா, உன் தம்பி பெரிய மெக்கானிக் என்று நம்பி அங்கே இருக்காதே. அப்படி நம்பினால் நாளைக்கே பஸ் ஏறுவாய், எனக்குத் தெரியும். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக் தேறும் என்று நம்பி இரு. இது பெருமைக்குச் சொல்வது இல்லை. செடிகள் போய்ச் சேர்ந்தன, வண்டி திரும்பி வந்தது, அம்மா அன்று ராத்திரி ஒரே வரிசைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றவில்லை. நீ போன பிறகு அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்ததில்லை. நீ வந்திருந்தால் நீயே எல்லாவற்றையும் செய்திருப்பாய், நாங்கள் சுற்றி நின்று டீ குடித்திருப்போம்.

உன் கோபுரப் பரீட்சையன்று உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கொக்கியை ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார். கீழே பார்க்காதே. பார்த்தே ஆக வேண்டும் என்றால் நம் வீடு இருக்கிற பக்கமாகப் பார்.

லீவு விட்டதும் வா. ரிப்பேருக்கு இல்லை, சும்மா வா. நீ இல்லாமல் இந்த வீட்டில் யாரைக் கிண்டல் செய்வது என்றே தெரியவில்லை. பட்டறைக்காரர் வேறு சிரிக்க மாட்டேன் என்கிறார்.

அம்மா வந்துவிட்டாள். அவள் இதைப் படிக்கும்போது நான் வீட்டில் இருக்கப்போவதில்லை.

உன் புகழில் பாதியைக் களவாடப் பார்த்து, முழுதாகத் திருப்பித் தந்துவிட்ட,
வாலு