பாதி பிஸ்கட்

05.02.2024

காலையில் மகள் தனுவின் இடது கண் மறுபடியும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணீர்ப் பாதையில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுத்து இன்றோடு ஏழு வாரம். ஆறு வாரம் பாருங்கள் என்றார் டாக்டர். பார்த்தாயிற்று. பலிக்கவில்லை என்று எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. ஒரு வயது ஒன்பது மாதம். இன்னும் எத்தனை தடவை இவளுக்கு மயக்க மருந்து கொடுப்பது?

பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயகலா அக்கா கேட்டார்: “கண்ணு இன்னும் ஓடிக்கிட்டேதானே இருக்கு டீச்சர்? அப்ப ஆப்பரேசன் செஞ்சது எதுக்கு?”

நல்ல மனுஷிதான். ஆனாலும் பள்ளிக்கூடம் வரை அழுதுகொண்டே நடந்தேன்.

09.02

மூக்கோரம் விரல் வைத்து அழுத்திக் கீழே இறக்கச் சொன்னார்கள், தினம் நாலு தடவை. நான்தான் சரியாக அழுத்தவில்லையோ?

20.02

கொழும்பு கிளினிக். என் கையில் குறை இல்லையாம், டாக்டரே சொன்னார். மற்றதையும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பயத்தில் மாற்றி மாற்றி நினைப்பேன்.

மறுபடி வெறும் கம்பி விடலாம், ஆனால் இரண்டாம் தடவை பலிப்பது குறைவு. கம்பியோடு மெல்லிய சிலிக்கன் குழாய் போட்டு, மூன்று மாதம் விட்டு எடுப்பதுதான் நல்லது என்கிறார். பாதை ஒடுக்கமாக இருந்தால் சின்ன பலூனை ஊதி விரிப்பதும் உண்டாம். எதுவும் சரிவராவிட்டால், இவள் பெரியவளான பிறகு மூக்கெலும்பில் வழி திறக்க வேண்டும். எலும்பில்!

சும்மா விட்டால்? சிலருக்குத் தானாகத் திறக்குமாம். ஆனால் தனுவுக்கு இரண்டு தடவை சீழ் வைத்து வீங்கிவிட்டது, காத்திருக்கச் சொல்ல அவருக்கு மனமில்லை.

“கொழாயே போட்டுருவோம்” என்றார் என் வீட்டுக்காரர் குமார், உடனே. எனக்குக் கேட்க இன்னும் ஆறு கேள்வி இருந்தது.

14.03

முதல் பஸ். இன்று குழாய் போடும் நாள், தனு நேற்று இரவு பத்து மணிக்குப் பால் குடித்ததோடு சரி. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குள் போய்விடும், போன தடவையே படித்துப் படித்துச் சொன்னார்கள். அவிசாவளையில் பஸ் மாறும்போது கழிப்பறைக்குப் போய்வந்தேன். யட்டியாந்தோட்டையிலிருந்து பசியில் கத்தியவள் அவர் தோளில் அமைதியாகக் கிடந்தாள். நல்லதென்று நினைத்தேன்.

ஆப்பரேசன் தியேட்டர் வாசலில் நர்ஸ் கேட்டார்: “மொனவத் துன்னத?” ஏதாவது கொடுத்தீர்களா என்று, சிங்களத்தில்.

“நே மிஸ்”, இல்லை என்றார் குமார், சட்டென்று.

உடுப்பு மாற்ற அவளை வாங்கினேன். வாயில் பிஸ்கட் வாசம். கழுத்து மடிப்பில் ஒரு துணுக்கு. அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

பேசாமல் இருந்தால் இன்றே முடிந்துவிடும். கொஞ்சம்தானே — அப்படியும் நினைத்தேன். நினைத்ததை எழுதியே ஆக வேண்டும்.

“பிஸ்கட் துன்னா மிஸ்” என்றேன், பிஸ்கட் கொடுத்துவிட்டோம் என்று.

திட்டவில்லை. இன்று செய்ய முடியாதென்று, உள்ளே போய்வந்து புதுத் திகதி எழுதிய கடதாசியைத் தந்தார். மே பதினாறு.



 

17.03

இன்றுதான் வாய் திறந்தார். “பாதிதான்டி. டீல நனச்சுக் குடுத்தேன். எம் மொகத்தப் பாத்து ‘அப்பா, மம்மு’ன்னு கேட்டுச்சு. நான் என்ன செய்ய?”

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே? புள்ள உயிருங்க!”

“சொல்லலாம்னுதான் வந்தேன். ஒன்னயப் பாத்தா பயமா இருந்துச்சு.”

என்னைப் பார்த்தா? நாள் முழுக்கப் பயந்து நடுங்குகிறவள் நான். நான் பயப்படுகிற பயத்தில் இந்த வீட்டில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ளவும் இடமில்லாமல் போய்விட்டதோ... தெரியவில்லை.

16.05

அவிசாவளையில் நான் கழிப்பறைக்குக் கிளம்பியதும், “புள்ளயயும் தூக்கிக்கிட்டுப் போ டீச்சரம்மா, என்ன நம்பாத” என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தோம். பிள்ளையை அவரிடமே கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

நர்ஸ் கேட்குமுன் அவரே சொன்னார், இரவு பத்துக்குப் பால், பிறகு ஒன்றுமில்லை என்று.

குழாய் போட்டாயிற்று. மூக்கில் கொஞ்சம் இரத்தம். கண் விழித்ததும் அப்பாவிடம்தான் தாவினாள்.

20.05

விஜயகலா அக்காவிடம் சொன்னேன்: கண் மூலையில் நூல் மாதிரி வெளியே வந்தால் இழுக்கக்கூடாது, வெட்டக்கூடாது, கன்னத்தோடு பிளாஸ்டர் ஒட்டிவிட்டு எனக்குப் போனில் கோல் எடுங்கள்.

“நான் ஏன் டீச்சர் இழுக்கப்போறேன்? ஒங்க மக கையத்தான் கட்டிப்போடணும்!”

15.08

நேற்றுக் குழாயை எடுத்தார்கள். பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். காற்றடித்தால் இன்னும் கொஞ்சம் கசிகிறது. பலூன், எலும்பு... வேண்டாம், இப்போது நினைக்கமாட்டேன்.

03.09

பிள்ளைக்காம்பராவில் தனு ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டாள். “பல்லு அச்சு அப்பிடியே பதிஞ்சிருக்கு. என்னான்னு கேட்டு வைங்க டீச்சர்” என்றார் அக்கா.

கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி அழ ஆரம்பித்தாள். ஓயும்வரை தூக்கி வைத்திருந்தேன். முகத்தைத் துடைத்துவிட்டு இடது கண்ணைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன். குமாரைக் கூப்பிட்டேன். அவரும் குனிந்து பார்த்தார்.

காய்ந்தே இருந்தது.

ஏன் கடித்தாய் என்று கேட்க இரண்டு பேருமே மறந்துவிட்டோம். நாளைக்கு அக்காவிடம் என்ன சொல்வது?