ஆட்டம் போன ஸ்டீயரிங்

அன்புள்ள செண்பகம்,

பழைய மோரிஸ் மைனரின் ஸ்டீயரிங் தண்டு சரியாகிவிட்டது. இன்று காலை பட்டறை முதலாளியே ஓட்டிப் பார்த்துச் சொன்னார். கார் அரசுச் சோதனையில் தேறினால் பொங்கலுக்கு எனக்கு விடுப்பு. நான் நலம், உன் முதுகுவலி குறைந்ததா?

நேற்று காரின் சொந்தக்காரர் சீனி முகம்மது அண்ணே சரிசெய்த வண்டியை ஓட்டிப் பார்த்தபோது தண்ணீர்மலைச் சாலையில் வடிகாலோரம் வரை போய்விட்டார். யாருக்கும் அடியில்லை. இங்கே காரை மலாய் மொழியில் கெரெத்தா என்பார்கள்.

"கெரெத்தா கோணலா ஓடுதுலா, தம்பி."

"தண்டு லொடலொடன்னு இருந்தப்ப கையை ஆட்டி ஆட்டி ஓட்டுனீங்க, அண்ணே. தண்டை இறுக்கிட்டேன். உங்க கைதான் இன்னும் ஆடுது."

சிரித்துவிட்டார்.

பாப்பாவின் பாதத்தை நூலால் அளந்து சொல். எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று செருப்புக் கடையில் நின்று யோசித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

வியாழக்கிழமை சோதனை, முடிவு அன்றே தெரியும். அதுவரை அப்பா வருகிறார் என்று அவளிடம் சொல்லிவிடாதே. முதலாளி கூப்பிடுகிறார்.

உன்
முத்தழகு