பேப்பரில் இருந்த ‘லாம்’

மதி நைனாவுக்கு,

டோக்கன் போட நான் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். சொம்பில் கரைத்து வைத்த பேதி மருந்தை மிச்சம் வைக்காமல் குடியுங்கள். இட்லி பிள்ளை மதிக்கு. நீங்கள் தொடக்கூடாது.

எலும்புத் தேய்மானத்துக்கு நான் போடும் மாத்திரை வாரத்துக்கு ஒன்றுதான். அட்டையில் இரண்டு குறைகிறது. “நெஞ்சு எரிஞ்சிகினே கீதுமே” என்று நீங்கள் புரண்டபோதே சந்தேகப்பட்டேன். அதை முழுங்கினால் அரை மணி நேரம் படுக்கக்கூடாது, தெரியுமா? உங்கள் சட்டைப் பையில் பேப்பர் துண்டும் கிடைத்தது. ‘எலும்பு மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் குடல் புற்றுநோய் வாய்ப்பு குறையலாம்.’ குறையும் என்று போடவில்லை, குறையலாம். அதுவும் பெண்களுக்கு!

மலத்தில் ரத்தம் போவதை ஒரு மாதம் மறைத்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் டெஸ்டுக்குப் பயந்து, பொண்டாட்டி மாத்திரையைத் திருடி முழுங்குவீங்களா? உங்கள் அண்ணனும் இப்படித்தான் கடைசிவரை மறைத்தார்.

சாவியைப் பக்கத்து வீட்டு தாவூது பாயிடம் கொடுங்கள்.

கார்குழலி

பி.கு.: உங்களை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார், “வெறும் மூல நோயாகவும் இருக்கலாம்” என்று. நம்புறதுன்னா இந்த ‘லாம்’ஐ நம்பி வாங்க.