மலையில் பெட்டி, கடலோரம் குடை

மே 14, செவ்வாய்

மலைக்குப் போய் வந்தேன். அங்கே கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினேன், மறுபடி செருகினேன். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஒரு நாள் முழுதும் போயிற்று.

நகரத்துச் சுகாதார நிலையத்துக்கும் மலைமேல் இருக்கும் அதன் சின்னக் கிளைக்கும் கணினி வலைப்பின்னல் ஆள் நான் ஒருத்திதான். கிளையில் டாக்டரின் கணினி, மருந்துச் சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், பதிவு மேசை எல்லாமே ஒரே ஒரு சுவிட்சில் வந்து சேருகின்றன. தட்டையான இரும்புப் பெட்டி. அது படுத்தால் கிளையே படுத்துவிடும். அது எப்போது படுக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது போல: நான் கிரீஸ் கடற்கரையில் துண்டை விரித்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லித்தான் இன்று இரவு உணவின்போது என் கணவன் ஒப்ராத் ஆரம்பித்தான். ஒரு வருடம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே திரும்பினோம். ஒரு வருடம் எல்லையிலேயே வண்டியைத் திருப்பினோம். போன வருடம் என் கைபேசி ஒலித்ததுமே, யார் என்றுகூடக் கேட்காமல் எழுந்து குடையை மடித்தான். குளிர்காலம் முழுக்க ஊர்க்காரர்களின் வீட்டுக் கொதிகலன்களைப் பழுதுபார்த்தபடி அவற்றுக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். கோடையில் கேட்பது பதினைந்து நாள் கடல்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"இந்த வருஷம் பொட்டி கூப்பிட்டா நீ போ, நெவென்கா. நான் வரல. குடைய மடிக்க எனக்கு இனிமே தெம்பு இல்ல."

பிறகு சூப்பைக் குடித்து முடித்தான். என் கிண்ணத்தை நான் அப்படியே எடுத்து வைத்தேன்.

மே 15, புதன்

தலைமை அதிகாரி டிஹோமிரிடம் போய் நின்றேன். வீட்டிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ அந்தப் பெட்டிக்குள் போக எனக்கு ஒரு வழி வேண்டும் என்றேன். முன்பு ஒரு பழைய வழி இருந்தது. கடவுச்சொல் அதில் மூடாமல் மறைக்காமல் அப்படியே போகும், வழியில் நிற்கிற எவனும் படிக்கலாம். அதனால் அவரே அதை அடைத்துவிட்டார். எஸ்.எஸ்.எச். என்ற புது வழியில் எல்லாம் மறைகுறியில் போகும், சாவி இல்லாதவனுக்கு ஒன்றும் விளங்காது என்று விளக்கினேன். அவர் காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

"கதவு வெச்சுக்கோ. ஆனா பூட்டு இல்லாத கதவுன்னா உன்னையே அங்க காவலுக்கு உக்கார வெப்பேன்."

சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 21, செவ்வாய்

மலை. நீல நிறக் கேபிளும் மடிக்கணினியுமாகப் பதிவு அறைக்குள் நுழைந்தேன். அங்கே ரதோய்கா அக்காவின் ஆட்சி. நோயாளிகளின் பெயர் எழுதுவது, வரிசையை அதட்டுவது, காபி போடுவது எல்லாம் அவள்தான். பெட்டி அவள் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. மாட்டியவன் அவளைக் கேட்காமல் மாட்டினான் என்ற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பெட்டிக்கு முதலில் ஒரு பெயர் வைக்க வேண்டும், அப்போதுதான் அது தனக்கான சாவியை உருவாக்கும் என்று யதார்த்தமாகச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பெயர் வைப்பது என்றால் சும்மாவா? அலமாரியில் கிருமிநாசினிக்குப் பின்னாலிருந்து பிளம் சாராயம் வந்தது, சின்னக் குவளைகள் வந்தன, டாக்டரும் வந்தார்.

என்ன பெயர் என்று டாக்டர் கேட்டார். ரதோய்கா அக்கா யோசிக்கவே இல்லை. "வுகாஷின்னு வைங்க. என் பழைய புருஷன். அவனும் இப்படித்தான், சும்மா சூடாவான், உர்ர்னு சத்தம் போடுவான், வேலைன்னு வந்தா படுத்துக்குவான்."

வைத்தேன். வுகாஷின் சாவியும் உருவாக்கினான். அடுத்த குவளை. பெயரும் கடவுச்சொல்லும் சொல்பவரை மட்டும் உள்ளே விடு, வேறு யாரையும் விடாதே என்று எல்லா வாசலுக்கும் உத்தரவு போட்டுவிட்டு வெளியே வந்தேன். திரும்ப நுழையப் பார்த்தால் பெயர் கேட்டான். எந்தப் பெயர்? ஒரு பெயரையும் நான் இன்னும் அவனிடம் பதிந்திருக்கவில்லையே! பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைச் செய்ய மறந்தவள் நான். பன்னிரண்டு வருட அனுபவம் எனக்கு. தூ.

நல்ல வேளை, சொன்னதைச் 'சேமி' என்று சொல்கிறவரை இந்தப் பெட்டி எதையும் நிரந்தரமாக மனதில் வைத்துக்கொள்ளாது. மின்கம்பியைப் பிடுங்கிச் செருகினேன், எல்லாவற்றையும் மறந்து எழுந்தான். மறுபடி பெயர் வைத்தோம். அதாவது மறுபடி குவளை. இந்த முறை என் பெயரை முதலில் பதிந்தேன். எல்லாம் சரி. பேருந்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டே வந்தேன்.

மே 22, புதன்

வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து மலைக்குள் நுழைந்துவிட்டேன்! ஒப்ராத்தைக் கூப்பிட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கண்சிமிட்டும் கோட்டை வெகுநேரம் பார்த்தான்.

"இதான் கடலா?"

"இதான் கடல்."

"கொஞ்சம் கறுப்பா இருக்கு" என்றான். ஆனால் போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

மே 24, வெள்ளி

உள்ளே போக முடியவில்லை. வுகாஷின் என்று யாருமே அங்கே இல்லை. ஐயோ — சேமித்தேனா? இல்லை. சேமிக்கவே இல்லடி நீ. சாராயத்தைக் குடிச்சிட்டு கைய வீசிட்டு வந்துட்ட.

ஆனால் சேமிக்காதது நடுவில் அணைந்தால்தானே மறக்கும். அணைத்தது யார்? ரதோய்கா அக்காவுக்குத் தொலைபேசி போட்டேன். தொடவே இல்லை என்று எல்லாப் புனிதர்கள் மேலும் சத்தியம் செய்கிறாள்.

மே 28, செவ்வாய்

மலை. மூன்றாம் பெயர்சூட்டு விழா. குவளையை வாங்கவில்லை. ரதோய்கா அக்கா என்னை அவமதித்துவிட்டாய் என்ற முகத்தோடு இரண்டையும் அவளே குடித்தாள். சேமித்தேன். சேமித்ததை இரண்டு முறை சரிபார்த்தேன். பெட்டியை அணைத்துப் போட்டும் பார்த்தேன். வுகாஷின் என்றே எழுந்தான்.

ஜூன் 6, வியாழன்

இப்போது தினமும் வீட்டிலிருந்தே எட்டிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் நிற்கிறவள் மாதிரி ஆகிவிட்டேன்.

ஒரு விசித்திரம். காலையில் கிளை திறந்ததும் வுகாஷினின் சூடு ஏற ஆரம்பிக்கிறது. மதியத்துக்குள் தாங்க முடியாமல் தானே அணைகிறான், ஆறுகிறான், எழுகிறான், மறுபடி அணைகிறான். எல்லோரும் வீட்டுக்குப் போனதும் குளிர்ந்து சாதுவாகிவிடுகிறான். சனி, ஞாயிறில் காய்ச்சலே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் விசிறி கெட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி நன்றாக ஓடும்?

எதற்கும் ஒரு புது விசிறி வாங்கி வைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கண்டுபிடித்துவிட்டேன்.

பதிவு அறையில் எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறது. வெளியே தார் உருகுகிற வெயில். ரதோய்கா அக்கா வேர்த்து வழிந்தபடி சீட்டு எழுதுகிறாள். பக்கத்துச் சுவரில் வுகாஷினின் காற்றுத் துவாரத்தை முழுக்க மூடி, நான்காக மடித்த கம்பளிச் சால்வை. ஒட்டுப் பட்டை போட்டு வேறு இறுக்கியிருக்கிறாள். காலையில் போர்த்தி, போகும்போது கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவாளாம். நான் வரப்போவது தெரிந்தால் போர்த்துவதே இல்லையாம்.

நான் கேட்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "அந்தப் பக்கம் வாசக் கதவு, இந்தப் பக்கம் இவன் ஊதுறான். நடுவுல என் கழுத்து. குறுக்குக் காத்துல உக்காந்து வாய் கோணிப் போனவங்கள நான் பாத்திருக்கேன் பொண்ணே."

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்கு முன் நியாயமாக இருக்கட்டும் என்று சால்வையை எடுத்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இடது காதுக்குக் கீழே நேராக அடிக்கிறது. மெல்லியதாக, விடாமல். அடுத்த பேருந்து வரும்வரை உட்கார்ந்திருந்தால் நாளைக்கு எனக்குக் கழுத்து திரும்பாது. எப்படித் திட்டுவது? நானே பேருந்தில் எதிரெதிர் ஜன்னல் திறந்திருந்தால் சண்டை போட்டு மூட வைக்கிறவள்.

தீர்ப்புக்கு டாக்டர் வந்தார். படித்த மனிதர், என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் அந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இங்க நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் பெரிய அட்டை ஒன்றை வெட்டி, பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே சாய்த்து நிறுத்தினேன். காற்று சுவர்ப்பக்கம் போகிறது, அவள் கழுத்தும் பிழைத்தது. சால்வை இனி வராது என்று கைமேல் அடித்துச் சொன்னாள். புது விசிறியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

மூட்டை கட்டுகிறோம். காபித்தூள், காபி காய்ச்சும் பாத்திரம், ஈரல் விழுது டப்பாக்கள், மிளகாய் ஊறுகாய். கிரீஸில் சாப்பாடே கிடைக்காது என்பது போல ஒப்ராத் அடுக்குகிறான். மடிக்கணினியை நான் துணிகளுக்கு அடியில் வைத்தேன். பார்த்தான். குடையைக் கடைசியாக ஏற்றினான்.

பயமாக இருக்கிறது. பெட்டி அணைவதைப் பற்றி அல்ல. அவன் வரமாட்டேன் என்று சொன்னது வெறும் பேச்சில்லை. எனக்குத் தெரியும்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றிருந்தேன். கரையில் என் கைபேசி ஒலித்தது, ஓடிப் போய் எடுத்தேன். டிஹோமிர். கிளையில் மருந்துச் சீட்டு வரவில்லை, வரிசை வாசலைத் தாண்டிவிட்டது, பெட்டி செத்துச் செத்துப் பிழைக்கிறதாம். 'எப்போது வருவாய்' என்று கேட்டார். 'முடியுமா' என்று அல்ல.

திரும்பிப் பார்த்தால் ஒப்ராத் எழுந்து நின்று குடையை மடித்துக்கொண்டிருந்தான். இனி மடிக்கமாட்டேன் என்று சொன்னவன்தான். கை பழகிப்போயிருக்கிறது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ போ, நான் வரல என்று அவன் வாய் திறந்து சொல்வதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஈரக் கையோடு மடிக்கணினியைத் திறந்தேன். முதல் தடவை பதிலில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. பிறகு, எழுந்து மூச்சு விடுகிற நேரத்தில் பிடித்துவிட்டேன் — பெயர், கடவுச்சொல், உள்ளே. சூட்டைக் கேட்டேன். கொதிக்கிறான். பார்த்த உடனே புரிந்தது. ரதோய்கா அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, சால்வைய எடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"நீ கிரீஸ்ல இல்லையா?"

"கிரீஸ்லதான் இருக்கேன். எடுங்க."

"அங்கேருந்து என் சால்வை தெரியுதா?"

"தெரியுது."

பட்டையைப் பிய்க்கிற சத்தம் கேட்டது. அட்டையை டாக்டர் தூக்கிப் போய்விட்டாராம், அவர் அறையிலும் கதவிடுக்கில் காற்று வருகிறதாம், கழுத்தைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லையாம். டாக்டரிடமிருந்து அட்டையை இப்போதே பிடுங்கி வரச் சொன்னேன். சரி என்றாள். ஆனால் வைக்கவில்லை. குரல் தாழ்ந்தது.

"நேத்து நான் மேச மேல கால நீட்டிட்டு இருந்தேனே. அதுவும் தெரிஞ்சுதா?"

"அத நான் யாருகிட்டயும் சொல்லல அக்கா" என்றேன்.

திரையில் சூடு இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே போயிற்று. டிஹோமிரைக் கூப்பிட்டு, சரியாகிவிட்டது, நான் வரவில்லை என்றேன். சீட்டு அச்சாகிறது என்று அவரே சொன்னார்.

மடிக்கணினியை மூடினேன். ஒப்ராத் மடித்த குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டு நின்றிருந்தான்.

"முடிஞ்சுது" என்றேன்.

"கிளம்பலாமா?"

"இல்ல. அங்க வேலை முடிஞ்சுது. போக வேண்டாம்."

அவன் கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குடையை விரித்து, பழைய குழியிலேயே நட்டு, அடியில் மணலைக் காலால் தள்ளி மிதித்தான். நன்றாக, பலமாக மிதித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் தண்ணீர்தான் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் ரதோய்கா அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. பெட்டி, பக்கத்தில் அட்டை, அட்டையில் 'டாக்டர் தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில். மேசைக்குக் கீழே ஒழுங்காக வைத்த இரண்டு கால்கள்.

மதியம் வுகாஷினை எட்டிப் பார்க்கலாமா என்று கை போயிற்று. பார்க்கவில்லை. நிழல் நகர்ந்து என் முதுகில் வெயில் விழுந்தது. ஒப்ராத் தூக்கக் கலக்கத்திலேயே எழுந்து, குடையைப் பிடுங்கி, கொஞ்சம் என் பக்கமாக நட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.