ஒற்றை நட்சத்திரப் பள்ளி

பிரிட்ஜர்ட்டன், ஒஹையோ
டிசம்பர் முதல் ஞாயிறு

அன்பு மார்னி,

உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறது என்று சொல்ல உனக்கு அனுமதி இல்லை, கேட்க எனக்கும் உரிமை இல்லை. எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இரு. இங்கே ஜோசியும் நானும் சுகம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்படியும் நன்றி நாள் விருந்தன்று வான்கோழிக் கால் ஒன்றை ஒற்றை ஆளாகத் தீர்த்தாள். கடையில் பனி டயர் சீசன் தொடங்கிவிட்டது. முதல் பனி விழும்வரை ஒருவனும் எட்டிப் பார்க்க மாட்டான், விழுந்த மறுநாள் ஊரே வாசலில் நிற்கும். அதில் எனக்குப் புகார் இல்லை, அதுதான் என் சோறு.

போன கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். இந்த வருஷமும் ஜோசிக்கு வாசிப்புச் சொல்லித் தருவது மிஸ் ஹேவர்ட்டிதானா என்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மிஸ் ஹேவர்ட்டி இல்லை. அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவும் இல்லை. மேப்பிள் தெருப் பள்ளியில் உன் மகளுக்கு யாரும் வாசிக்கச் சொல்லித் தரவில்லை.

எனக்கே இது அக்டோபரில்தான் தெரிந்தது. அதுவரை அவள் நன்றாகப் படிக்கிறாள் என்றுதான் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை கடையில், என் மெக்கானிக் டுவேனுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். கப்பல் மேல்தளத்தில் பறக்கும் மீன் வந்து விழுந்தது, சமையல்காரர் அதை வறுத்தது எல்லாம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. டுவேன் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். ‘முதலாளி, உங்க பேத்தி ரேடியோவுல செய்தி வாசிக்கலாம்’ என்றான். நான் பெருமையாக அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவள் கையில் இருந்தது உன் கடிதமே இல்லை. மிச்சிகனில் இருந்து உன் அத்தை வெர்னா தன் மூட்டு வலியைப் பற்றி எழுதியது. நான் ஒருமுறை வாசித்துக் காட்டியதை அப்படியே மனதில் வாங்கி, எந்தக் காகிதம் கிடைத்ததோ அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிட்டாள். அவ்வளவு மூளை உள்ள குழந்தை, மார்னி! அந்த மூளையை எழுத்தைப் படிக்கப் பயன்படுத்த ஆள் இல்லாததால், படிக்கத் தெரியாததை மறைக்கப் பயன்படுத்துகிறாள்.

மிஸ் ஹேவர்ட்டி ஏன் போனார் என்று சொல்கிறேன். நீ கப்பலேறிய பிறகு மே மாதத்தில் பள்ளி வரிக்கு ஓட்டு வைத்தார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கான வரி. தோற்றது, அவர் வேலையும் போனது. ஓட்டுக்கு முதல்நாள் நம் பழைய வாடிக்கையாளன் டெல்பர்ட் கடைக்கு வந்தான். ‘ஏம்ப்பா லைல், நான் வாரம் தவறாம லாட்டரிச் சீட்டு வாங்குறேன். அந்தக் காசு பள்ளிக்கூடத்துக்குத்தானே போவுது? என் பங்கை நான் குடுத்தாச்சு. மேல வீட்டு வரியையும் ஏத்தணுமா?’ என்றான். ‘அரசாங்கம் ஒரு கையால லாட்டரிக் காசைப் போட்டு, மறு கையால தன் காசை எடுத்துக்குதுடா. உன் சீட்டால ஒரு சாக்பீஸ்கூட சேரல’ என்றேன். ‘அப்ப எனக்குப் பரிசு விழட்டும், நானே நேரா கொண்டுபோய்க் குடுக்கிறேன்’ என்று சிரித்துக்கொண்டே போனான். இந்த ஊரில் பாதிப் பேர் டெல்பர்ட்கள்தான். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தைத் தாங்குவதே நாம்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் டெல்பர்ட் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு முந்தின நவம்பரில் இதே ஊர், இதே டெல்பர்ட், கால்பந்து மைதானத்துக்குப் புதிய செயற்கைப் புல் போட வரியை வாரி வழங்கியது. எப்படி? ஆட்டங்கள் சூடுபிடித்த நேரம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே மைதானத்தில். பாண்டு வாத்தியம், சூடான சாக்லேட், கூடவே ‘ஓட்டுப் போடுங்கள்’ அட்டை. ஆசிரியர்களுக்கான ஓட்டோ, மே மாதம், மழை கொட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை. வாக்குச்சாவடியில் ஈ காக்காகூட இல்லை. நான் வியாபாரி, மார்னி. எந்தச் சரக்கை எந்தச் சீசனில் கடை வாசலில் வைத்தால் போகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விற்க நினைத்ததை விற்கிற நாளில் வைத்தார்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் கவலையில்லை என்று நினைத்ததை மழையில் வைத்தார்கள்.

பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் பிரென்டிஸை நேரில் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்தார். ‘மிஸ்டர் கோவாச், மைதானப் பணம் வேற பை, சம்பளப் பணம் வேற பை. இதுல இருந்து எடுத்து அதுல போடச் சட்டம் இடம் குடுக்காது’ என்றார். ‘சட்டம் எனக்கும் தெரியும் டாக்டர். என் கோட்டுலயும் ரெண்டு பை இருக்கு. எந்தப் பையை முதல்ல நிரப்பணும்னு முடிவு பண்ணினது யாரு? சட்டமா, நீங்களா?’ என்று கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வாடிக்கையாளர் முன்னால் கதவைச் சாத்துகிறவன் அடுத்து என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

‘லைல், நண்பனா சொல்றேன். வில்லோ ரிட்ஜ் மாவட்டத்துல வெளியூர்ப் பிள்ளைங்களையும் சேர்த்துக்குறாங்க. ஒரு போன் போட்டா விடுமுறை முடிஞ்சதும் உங்க பேத்திக்கு இடம் கிடைச்சுடும். என் பசங்க ரெண்டு பேரும் அங்கதான் படிக்கிறாங்க. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி’ என்றார்.

நான் டயர் விற்கிறேன். என் வண்டியில் ஓடுவது என் கடை டயர். என்னை நம்பி வருகிறவனிடம் ‘பக்கத்து ஊர்க் கடைக்குப் போ, நானே அங்கதான் வாங்குறேன்’ என்று சொன்னால் அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிட வேண்டும். இந்த மனிதர் அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்! இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு பிள்ளை வேறு மாவட்டத்துக்குப் போனால் அந்தப் பிள்ளைக்காக மாநிலம் தருகிற பணமும் கூடவே போய்விடும். விவரம் தெரிந்தவன், வண்டி வைத்திருப்பவன், சத்தம் போடுகிறவன் எல்லாம் ஒவ்வொருவராகப் போகப் போக, மேப்பிள் தெருவில் மிஞ்சுவது கேட்க நாதியில்லாத பிள்ளைகள்தான்.

அந்தப் பிள்ளைகளையும் என்ன செய்தார்கள் என்று கேள். மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுகிறது அல்லவா? மேப்பிள் தெருவுக்கு இந்த வருஷம் ஒன்றே ஒன்று. வாசிப்பு ஆசிரியரைத் தூக்கிவிட்டு வாசிப்பில் பரீட்சை வைத்தால் வேறென்ன கிடைக்கும்? உடனே பள்ளி வாரியம் கூடியது. தலைவி லோர்னா டீக்கை உனக்குத் தெரியும், வீடு வாங்கி விற்கிறவள். நட்சத்திரம் குறைந்தால் வீட்டு விலை குறையும் என்பது அவள் கவலை. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, வரும் கோடையோடு மேப்பிள் தெருப் பள்ளியை மூடிப் பிள்ளைகளை மற்றப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புவது. ‘இனி நம் மாவட்டத்தில் ஒற்றை நட்சத்திரப் பள்ளியே இருக்காது’ என்று சிரித்த முகத்தோடு அறிவித்தாள். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். சமையலறையில் முட்டை வேகவைக்க வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு மணி மேஜையில். நான் எழுந்தேன். ‘ஒரு சக்கரம் பஞ்சர். நீங்க அதுக்கு ஒட்டுப் போடல, மாத்தல. கழட்டி வீசிட்டு, இப்ப இந்த வண்டியில பஞ்சரான சக்கரமே இல்லைன்னு சொல்றீங்க. வண்டி ஓடுமா, அம்மா?’ என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவன், கால்பந்து அப்பாக்கள் சங்கத்துக்காரன், ‘டயர்க்காரர் டயரோட நிக்கட்டுமே!’ என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. அப்போது யார் எழுந்து நின்றது தெரியுமா? டெல்பர்ட்! ‘டேய், அவரு போட்ட டயர்லதான்டா நீ இங்க வந்த. உக்காரு! இல்லன்னா நடந்து போவ’ என்றான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. ‘நன்றி, மிஸ்டர் கோவாச், நேரம் முடிஞ்சுது’ என்றாள் லோர்னா. ‘பிள்ளைங்களுக்கும் நேரம் முடியுதும்மா, அதுக்கு மணி யாரு அடிக்கிறது?’ என்றேன். ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள்.

வாரியத்தில் உள்ள ஐந்து பேரும் மூடுவதற்குக் கை தூக்கினார்கள். பள்ளியின் கதை முடிந்தது. அடுத்து, மைதானத்து மதிப்பெண் பலகைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதில் நெடுநேரம் பேசினார்கள். நீலமா, கருநீலமா என்று. அந்த விவாதத்துக்கு மணி வைக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன், மார்னி. மறுநாள் காலை ஜோசியிடம் பேச்சோடு பேச்சாக, ‘வில்லோ ரிட்ஜ் பள்ளிக்குப் போறியாடா கண்ணு? அங்க நல்லா வாசிக்கச் சொல்லித் தருவாங்களாம்’ என்று கேட்டேன். ஸ்பூனை அப்படியே வைத்துவிட்டு யோசித்தாள். ‘வேணாம் தாத்தா. அங்க போனா எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இங்க யாருக்கும் தெரியாது, அதனால பரவால்ல’ என்றாள்.

ஏழு வயதுக் குழந்தை தன் பள்ளிக்கூடத்தை எடை போட்ட அழகைப் பார். மாநிலம் வருஷம் முழுக்கப் பரீட்சை வைத்து, கணக்குப் பார்த்து, நட்சத்திரம் ஒட்டிச் சொன்னதை இவள் பால் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே இரண்டு காரியம் முடிவு செய்திருக்கிறேன். முதலாவது, அடுத்த நவம்பரில் வாரியத் தேர்தலில் நிற்கிறேன். அதற்கு ஊர்க்காரர்களின் கையெழுத்து வேண்டும். சக்கரத்தை மாட்டிச் சரிபார்க்கும்வரை வாடிக்கையாளர் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? ஒரு காபியைக் கையில் கொடுத்து, மனுவை நீட்டிவிடுகிறேன். முதல் கையெழுத்து டெல்பர்ட்டுடையது. ‘லாட்டரி விழுந்தாலும் உனக்குத்தான் ஓட்டு’ என்றான். கால்பந்து அப்பாக்கள் தங்கள் பேருந்துக்கு டயர் வாங்க வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும், அந்தக் கடையில் அலைன்மென்ட் பார்க்கத் தெரியாது. பனியில் அவர்களே திரும்பி வருவார்கள்.

இரண்டாவது காரியம் என் கையில் இல்லை, உன் கையில் இருக்கிறது. வில்லோ ரிட்ஜில் சேர்க்கத் தாய் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. தயங்காதே. பிரென்டிஸ் போனும் வேண்டாம், தயவும் வேண்டாம், நானே அங்கே நேரில் போய்ப் பேசிவிட்டேன். இடம் இருக்கிறது. தன் பேத்தியை ஊரைவிட்டு அனுப்பியவன் நம் பள்ளிகளைக் காப்பாற்ற வந்துவிட்டான் என்று லோர்னா மேடைக்கு மேடை சொல்வாள். சொல்வது நியாயம்தான். வாங்கிக்கொள்வேன். அதற்காகத் தேர்தலில் தோற்றாலும் தோற்கிறேன். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓர் ஆசிரியரைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் ஜோசிக்கு ஒன்பது வயது ஆகிவிடும். என் சண்டைக்கு அவள் வயதை முதலாகப் போட எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்குச் சாயங்காலம் கடை சாத்தியதும் நானும் அவளும் டயர் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படிக்கிறோம். மேடாக இருப்பதால் அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, நான் ஆசிரியன் இல்லையே.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. எனக்கு எழுதுகிற நீளக் கடிதம் தனியாக வரட்டும். அதோடு ஜோசிக்கென்று வேறோர் உறையில் ஒரு தாள் அனுப்பு. நாலே வரி போதும். பெரிய பெரிய எழுத்தாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுது. பறக்கும் மீன் வேண்டாம், அது அவளுக்கு மனப்பாடம். நான் அவளுக்கு வாசித்துக் காட்டாத, அவளுக்குத் தெரியாத ஏதாவது ஒரு சேதியாக இருக்கட்டும். அந்த உறையை நான் பிரிக்க மாட்டேன். அவளே பிரித்து, எத்தனை நாள் ஆனாலும், அவளே படித்து, அதில் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அவள் வந்து என்னிடம் சொல்லட்டும்.

கடல் உன்னிடம் கருணையாக இருக்கட்டும்.

உன் வரவுக்கு வாசல் விளக்கை அணைக்காத,
அப்பா
லைல் கோவாச்