கதவுக்குப் பின்னால் மாட்டிய சட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் நான் இருக்கும் இந்த முதியோர் இல்லத்துக்குத்தான். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, கை நீளம், என் அறையில் இருக்கும் தையல்காரர் ஒரே மத்தியானத்தில் சரிசெய்து கொடுத்தார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஏன் என்று கேட்க நாதியில்லை. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மறுபடியும் விழாமல் இருக்க இந்த மகானுபாவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா, காலை டீயிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை போர்வையால் நாற்காலியோடு கட்டிப்போடுவது. பதினான்கு கிழங்களுக்கு ஒரே ஒரு ஆயா, அவள் என்ன செய்வாள் பாவம். அவர் புகார் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டார். பெட்டியின் சாவி யாரிடம்? மேலாளரிடமே! எதைக் கேட்டாலும் முப்பத்திரண்டையும் காட்டுவதால் அந்த ஆளுக்குப் பல்லழகர் என்று பெயர் வைத்திருக்கிறோம். மறுநாளே பல்லழகர் சிரித்துக்கொண்டே வந்து, "உங்களுக்கு இந்த இடம் ஒத்துவராதுங்க, மூணு நாள்ல வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே ஆபீசுக்குப் போனேன். அங்கே ஆள் இல்லை. காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது, அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அறிவிப்பு. இல்லத்தில் இருப்பவர்களின் சட்ட உரிமைகளாம்! எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. பகலெல்லாம் திறந்தே கிடக்கும் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள், மூளையைப் பார். வைத்தியர் எழுதிக்கொடுக்காமல் யாரையும் கட்டிவைக்கக் கூடாது, காரணத்தை எழுத்தில் கொடுத்து முப்பது நாள் அவகாசம் தராமல் வெளியேற்றக் கூடாது, ஆட்சேபித்தால் அதிகாரி விசாரிக்கும் வரை அனுப்பக் கூடாது, வரும் போகும் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. பல்லழகரே, இதை நீர் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தால் இந்த வரியை இரண்டு தரம் படியும். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக் செய்தவன் நான், திருட்டு முழி எனக்குத் தெரியாதா? அவ்வளவையும் எழுதிக்கொண்டு வந்து சாப்பாட்டுக் கூடத்தில் உரக்க வாசித்தேன், முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் ஆய்வாளர் அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டேன். வருகிற இருபதாம் தேதி விசாரணை, அதுவரை தையல்காரரை அனுப்ப முடியாது. கட்டியதைக் கண்ணால் பார்த்து, சாட்சி சொல்ல முன்வந்தவன் நான் ஒருவன்தான்.

இதைச் சொன்னதும் பல்லழகர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "ஐயா, உங்க சாட்சி செல்லாதே. அப்பாவுக்கு ஞாபகம் சரியில்ல, சுயமா எதுவும் முடிவெடுக்க முடியாதுன்னு உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டிருக்காங்களே" என்றார், எல்லார் முன்னாலும். என்னைச் சேர்த்த ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கம் அது, அடியில் உன் கையெழுத்து. மார்க் ஷீட்டில் என் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பழகின கையல்லவா, எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா. சேர்க்கும்போது அவசரத்தில் படிக்காமல் போட்டிருப்பாய், தெரியும். பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட நீ இப்படி எழுதிக் கொடுக்க மாட்டாய். கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கோபம்தான். அதைவிட அவமானம். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தத் தாளை ரத்து செய்கிறேன், என் அப்பா தெளிவாக இருக்கிறார் என்று எழுதி, பல்லழகருக்கு அல்ல, ஆய்வாளர் அலுவலகத்துக்கே நேராக அனுப்பு. முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கட்டிப்போட்டிருந்த அன்றைக்குத் தையல்காரர் என்னைத்தான் கூப்பிட்டார். "அண்ணே, கொஞ்சம் அவுத்து விடுங்க" என்றார். நாற்காலிக்குப் பின்னால் இரண்டு முடிச்சு, அவர் கை எட்டாத இடத்தில். கால் மணி நேரம் முட்டிபோட்டு மல்லுக்கட்டினேன், என் விரல்களுக்கு அந்த வலு இல்லை. பரவாயில்லை அண்ணே என்று அவரே என்னைத் தேற்றினார். அவிழ்க்கத்தான் முடியவில்லை, பார்த்ததைச் சொல்லவாவது என்னை விடு.

பேத்திக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் எல்லாரும் நோய்நொடியின்றி நீடூழி வாழவேண்டும். இருபதாம் தேதியை மறந்துவிடாதே. இனி எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடு.

இப்படிக்கு,
சுயநினைவோடு எழுதும் உன் அப்பா