எல்லாம் தேய்த்தபின் ஆரஞ்சு

என் அன்புள்ள இஞ்சேருங்கோவுக்கு,

இருபத்தேழு வருஷமாக உங்கள் பெயரைச் சொல்லாமல் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்துக்கென்று புதிதாக ஒரு பெயருக்கு எங்கே போவேன்? நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. போன சனிக்கிழமை உங்கள் ரொக்கெட் பறந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த ரொக்கெட்டின் பாகங்கள் பெட்டியில் வந்த அன்று நான் போட்ட சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். கட்டி முடித்தால் என்னைவிட உயரமாக நிற்குமாம். கார் வெளியே மழையில் நனைய, கராஜுக்குள் ஒரு மட்டைக் குழாய்க்கு ஹீட்டர் போட்டுவைத்த மனிதர் நீங்கள். பசை காயவேண்டுமாம்.

"எனக்குக் குளிர்ந்தா ஸ்வெட்டரைப் போடச் சொல்லுறியள். இதுக்கு மட்டும் ஹீட்டரோ?" என்று கேட்டேன்.

"அது சின்னப் பிள்ளையப்பா" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்குக் காட்டவில்லை.

ஈஸ்ட் டாமாக்கியில் வேலை முடிந்து காரடிக்கு நடந்து வந்தவர் அங்கேயே சரிந்துவிட்டீர்கள் என்று ஃபோன் வந்தபோது நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். ரொக்கெட்டின் வால்பக்கத்து நாலு செட்டைகளில் மூன்றை ஒட்டியிருந்தீர்கள். நாலாவது மேசையில் கிடந்தது. ஆறு மாதம் நான் அந்தக் கராஜ் கதவைத் திறக்கவேயில்லை.

திறந்தது எங்கள் அம்முதான். வங்கி வேலைக்குப் போகும் பெண், சனிக்கிழமை காலையில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, "ஃபினிஷ் பண்ணுவமா அம்மா?" என்று வந்து நின்றாள். உங்கள் ரொக்கெட் கிளப் நண்பர் பிரையன் பக்கத்தில் நின்று சொல்லச்சொல்ல நாலாவது செட்டையை நாங்கள் இருவரும் ஒட்டினோம். பாரசூட்டை நான் மடித்தேன். சேலைக்குக் கொய்யகம் வைக்கத் தெரிந்தவளுக்கு அது ஒரு வேலையா?

வில்லங்கம் குழாயில்தான் வந்தது. உங்களுக்குக் காகிதம் தேடுகிற பழக்கமே இல்லையே. குசினியிலிருந்து நான் கத்தியதையெல்லாம் கையிலிருந்த பென்சிலால் ரொக்கெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அளவுகளுக்கு நடுவில் பால், கறிவேப்பிலை, தண்ணீர் பில், அம்முவின் கார் டயர். ஓரிடத்தில், "அவள் இண்டைக்கும் கதைக்கேல்லை."

என்ன கோபத்தில் கதைக்காமல் இருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒருநாள் மட்டுமில்லை, 'இண்டைக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள் இருந்தேன்? என்னிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

எல்லாவற்றுக்கும் கீழே பெரிய எழுத்தில், "எல்லாம் தேய்த்தபின் ஆரஞ்சு." புல்லுக்குள் விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம் என்று நீங்கள் வாங்கிவைத்த ஆரஞ்சுப் பெயின்ட் மூன்று டப்பா அலுமாரியில் இருந்தது. குழாயைச் சாண்ட்பேப்பரால் தேய்த்தால்தான் அது பிடிக்கும். தேய்த்தால் உங்கள் எழுத்து போய்விடும்.

பெயின்ட் அடிக்காமலும் பறக்கவிடலாம், உங்கள் விருப்பம் என்றார் பிரையன். "ஃபோட்டோ எடுத்தாச்சு அம்மா, இட்ஸ் ஓகே" என்றாள் அம்மு. ஃபோட்டோவில் பென்சில் அழுத்தின பள்ளம் விரலில் தட்டுப்படுமா? இரண்டு கிழமை அந்தக் குழாயைத் தடவிக்கொண்டே திரிந்தேன். உயிரோடு இருந்தபோது நீங்கள் சொன்ன எதையும் உடனே கேட்டவளில்லை நான். இதையாவது கேட்போம் என்று ஒரு காலையில் சாண்ட்பேப்பரை எடுத்தேன்.

பால் முதலில் போனது. கறிவேப்பிலை போனது. கதைக்கேல்லை என்ற வரியைக் கடைசிக்கு விட்டுவைத்திருந்தேன். அதைத் தேய்க்கும்போது வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்குக் கேட்டதா?

ஏவுகிற இடம் தெற்கே ஒரு பண்ணை. ரொக்கெட்டுக்கு மோட்டர் பூட்ட அனுமதி உள்ளவர்தான் வேண்டுமாம். அதைப் பிரையன் பார்த்துக்கொண்டார். பறக்கவிடுமுன் பரிசோதித்த மனிதர் செட்டைகளை ஆட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை, யார் கட்டினது என்று கேட்டார். என் கணவர் என்றேன். அவர் வந்திருக்கிறாரா என்று சுற்றிப் பார்த்தார்.

பொத்தானை அம்மு அழுத்தினாள். பெரிய இரைச்சலோடு நேரே போயிற்று. வளையவில்லை, ஆடவில்லை. நீங்கள் நின்றிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பீர்கள். பாரசூட் விரிந்தது, தூரத்து வேலியோரம் இறங்கியது. இந்த முழங்காலோடு நான் ஓடினேன், நம்புவீர்களா?

வேலிக்கட்டையில் உரசி ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நாங்கள் அடித்த ஆரஞ்சு உரிந்திருந்தது. நான் புல்லில் முழங்காலிட்டு ஜாக்கெட் கையால் அந்த இடத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வெறும் மட்டை. என் கையாலேயே தேய்த்ததை நானே தேடுகிறேன், பைத்தியக்காரி.

"வாட் ஆர் யூ லுக்கிங் ஃபோர்?" என்று பின்னால் வந்த அம்மு கேட்டாள். நான் துடைத்துக்கொண்டேயிருந்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்பா அதில இல்லையம்மா" என்றாள், தமிழில். "எனக்கும் அப்பா இல்லை."

சொல்லிவிட்டு அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். பதினொரு மாதத்தில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பேன்? அவள் முகம் கோணும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு அழுதுவிடுவேன். அவள் எழும்பி எனக்குத் தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.

ரொக்கெட்டைப் புல்லில் போட்டுவிட்டுப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுது முடியும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை நான். எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா உங்களுக்கு?

உங்கள் மேல் ஆணை. இனி அவள் அழட்டும். தேத்தண்ணி நான் போடுவேன்.

இப்படிக்கு,
அம்முவின் அம்மா